முள்கரண்டிக் கோடு

“எல்லாரும் உட்கார்ந்தாச்சா? அப்போ பீனட் பட்டர் டப்பாவைத் திறக்கறேன். வாசனை தாங்கலைன்னா இப்பவே சொல்லிடும்மா,” என்றாள் மகள்.

சமையலறை மேஜையைச் சுற்றி நான்கு பேர். ஜன்னல் பக்கம் அம்மா. அவளுக்கு எதிரே எடை பார்க்கும் மெஷினும் மூக்குக்கண்ணாடியுமாக அப்பா. ஓவனை ஒட்டிய முக்காலியில் மகள். கதவோரம், போகச் சொன்னால் எழுந்து போய்விடத் தயாராக, அடுத்த மாதம் அவளைக் கட்டிக்கொள்ளப்போகும் மாப்பிள்ளை.

“திற,” என்றாள் அம்மா.

ஆறு வருடங்களுக்குப் பிறகு அந்த வீட்டுக்குள் வேர்க்கடலை வாசனை வந்தது.

மாப்பிள்ளைக்கு விஷயம் தெரியும். இந்த வீட்டுச் சின்னவனுக்கு வேர்க்கடலை ஆகாது. அப்பாவின் தங்கை எப்போது வந்தாலும் தன் கையால் செய்த இரண்டு டப்பா கொண்டுவருவாள். ஒன்றில் அவனுக்கு வெண்ணெய் குக்கீ, இன்னொன்றில் மற்றவர்களுக்குப் பீனட் பட்டர் குக்கீ. அப்படி வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை சின்னவனுக்கு மூச்சுத் திணறியது. ஆஸ்பத்திரி வாசலிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. அவனுக்கு வயது ஐந்து. அத்தை அதன்பின் இந்தப் பக்கம் வரவே இல்லை.

“அரை கப் வெண்ணெய், அரை கப் பீனட் பட்டர்…” அத்தையின் கையெழுத்தில் இருந்த பழைய தாளை மகள் படிக்கப் படிக்க, அப்பா கிராம் கணக்கில் நிறுத்துக் கொடுத்தார்.

“நகைக்கடையா இது? கொட்டுங்கப்பா!”

மாவு பிசைந்து, எலுமிச்சை அளவு உருண்டைகளாக உருட்டித் தட்டில் அடுக்கினார்கள். முள்கரண்டியால் குறுக்கும் நெடுக்குமாக அழுத்தும் வேலையை மாப்பிள்ளை வாங்கிக்கொண்டார். அவர் டைல்ஸ் ஒட்டுகிறவர்.

“பரவாயில்லையே, கோடு கோணாம விழுது!” என்றாள் மகள்.

“கோணினா வீட்டுக்காரர் மொத்தத்தையும் பேர்க்கச் சொல்லிடுவார். ஆமா, இந்தக் கோடு எதுக்கு? அழகுக்கா?”

அம்மாதான் பதில் சொன்னாள். “மத்தவங்களுக்கு அழகு. என் நாத்தனாருக்கு அடையாளம். கோடு இருந்தா கடலை, இல்லைன்னா சின்னவனோடது. அன்னைக்கு ஒண்ணுல மட்டும் போட மறந்து அவன் டப்பாவுல கலந்துட்டா. ‘எல்லாத்துலயும் போட்டேன் அண்ணி’ன்னு காலைப் பிடிச்சு அழுதா. நான் நம்பலை. ‘என் பிள்ளையை முழுங்கிட்டியே’ன்னு நாலு பேர் முன்னாடி கேட்டேன்.”

அப்பா எடுத்துவைத்துக்கொண்டிருந்த சர்க்கரையை மேஜையில் சிந்திவிட்டார்.

“பாவம், இவருக்குத்தான் ரெண்டு பக்கமும் இடி,” என்றாள் அம்மா, துணியை எடுத்துத் துடைத்தபடி. “கூடப்பிறந்தவளாச்சேன்னு பரிஞ்சு ஒரு வார்த்தை பேசலை. எனக்காக வாயைக் கட்டிக்கிட்டு நின்னார்.”

“இப்ப அத்தையே நம்பிட்டாங்க,” என்றாள் மகள். “போன வாரம் கல்யாணத்துக்குக் கூப்பிடப் போனேன். கதவைக்கூடத் திறக்கலை. ‘மறந்துதான் இருப்பேன்டி. உன் நல்ல நாள்ல என் முகத்துல யாரும் முழிக்க வேண்டாம், போ’ன்னு உள்ளேருந்தே சொன்னாங்க. தூக்கி வளர்த்தவங்கம்மா. அவங்க வராம எனக்குக் கல்யாணம் வேண்டாம்.”

“வருவா. மன்னிச்சுட்டேன்னு வெறும் வாயால சொன்னா நம்ப மாட்டா. அவ பண்டத்தை நம்ம அடுப்புல சுட்டு, நாமளும் தின்னுட்டு அனுப்பினா நம்புவா.”

பன்னிரண்டாவது நிமிடம் தட்டு வெளியே வந்தது. மாப்பிள்ளை கையை நீட்டினார்.

“அவசரக்குடுக்கை! சூட்டோட தொட்டா உதிர்ந்துடும்,” என்றாள் மகள்.

ஆறியதும் முதல் குக்கீயை அம்மாதான் எடுத்தாள். பிட்டு வாயில் போட்டு வெகுநேரம் மென்றாள். கண் நிறைந்தது.

“அவ கைப்பக்குவம் வரலை,” என்றாள். “இருந்தாலும் தின்னுட்டேன். நீங்களும் எடுத்துக்கங்க.”

மகள் எடுத்தாள். மாப்பிள்ளை எடுத்தார். “எனக்கு அப்புறம்,” என்று அப்பா தாளையும் பேனாவையும் இழுத்துக்கொண்டார்.

“நான் சொல்றதை எழுதுங்க,” என்றாள் அம்மா. “ ‘உன்னை நாங்க மன்னிச்சுட்டோம். கல்யாணத்துக்கு வா.’ அவ்வளவுதான். உங்க வழக்கப்படி நலம், நலமறிய ஆவல்னு நீட்டி முழக்காதீங்க.”

மகள் டப்பாவில் காகிதம் விரித்துக் குக்கீகளை அடுக்கினாள். மாப்பிள்ளை டேப் ஒட்டினார். அப்பா எழுதிக்கொண்டே இருந்தார்.

“ரெண்டு வரிக்கு இவ்வளவு நேரமா? கொடுங்க, பார்க்கிறேன்.”

அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். எழுந்து நின்று, தாளை அம்மாவிடம் நீட்டினார்.

‘தங்கைக்கு, நீ எதையும் மறக்கவில்லை, எதையும் கலக்கவும் இல்லை. உன் அண்ணி குளித்துக்கொண்டிருந்தாள், நீயும் அறையில் இல்லை. எங்கள் கடலை டப்பாவிலிருந்துதான் வேண்டும் என்று சின்னவன் அழுதான். ஒரு கடி என்ன செய்துவிடும் என்று, தெரிந்தே அவன் வாயில் வைத்தவன் நான்.’

அம்மா அதை இரண்டு முறை படித்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்க்காமலேயே தாளை மடித்து, உறையிலிட்டு, பசை தடவி ஒட்டி மகளிடம் கொடுத்தாள். “பார்சல் மெதுவாப் போகட்டும், முதல்ல இதைத் தபால்ல போட்டுட்டு வா.”