அந்த நாட்டுச் சரக்கு

எந்த நாடு நம் பனியனுக்கு வரியை ஏற்றுகிறதோ, அந்த நாட்டுப் பொருள்களை அன்றே இங்கே உடைத்துப்போட வேண்டும் என்பது சட்டம். போன மாதம் ஒரு நாடு, இன்றைக்கு வேறொன்று. பதிலடிப் படையின் தலைவர் மாசிலாமணிக்கு முதல் அடி எப்போதும் தன்னுடையதாக இருக்க வேண்டும்.

"அண்ணா, இது ஒண்ணுதானுங்க எங்க பொழப்பு!" சுலோச்சனா தன் பின்னல் மெஷினைக் கட்டிக்கொண்டாள். ஆயுதபூசைச் சந்தனம் அதில் இன்னும் உதிரவில்லை.

"யாருக்கும் விலக்குக் கெடையாதும்மா."

அவளை இழுத்துத் தள்ளிவிட்டுச் சுத்தியலை ஓங்கினார். ஊசிகள் சிதறின. சுவரில் மோதி அவள் புருவம் கிழிந்தது.

அந்த நாட்டுப் பொருள் இன்னும் மிச்சம் இருக்கிறதா என்று படையாள் ஒருவன் சோதனைக் கருவியைச் சுற்றிலும் காட்டினான். அது அலறியது. மேஜையை நொறுக்கினார்கள், மின்விசிறியைப் பிய்த்தெறிந்தார்கள். அலறல் ஓயவில்லை. மாசிலாமணியின் நெஞ்சுக்கு நேரே வந்ததும் காதைக் கிழித்தது. போன வருஷம் அவர் இதயத்தில் பொருத்திய கருவி, அந்த நாட்டுச் சரக்கு.

அவர் கையிலிருந்து சுத்தியல் நழுவியது. "டேய், நான்டா..."

சுலோச்சனா கண்ணில் வழிந்த ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு சுத்தியலை எடுத்தாள்.

"விலக்குக் கெடையாதுன்னு நீங்கதானுங்ணா சொன்னீங்க."

படையாட்கள் ஒதுங்கி அவளுக்கு வழிவிட்டார்கள்.