வெல்லாமல் இருக்க ஏலாத படை

ஷிஃபானாவின் தளபதியைக் கொல்லாமல் விட இல்ஹாம் படாத பாடு பட்டான். பீரங்கியை வேண்டுமென்றே கடற்கரைப் பக்கம் திருப்பிச் சுட்டான். பாழாய்ப்போன குண்டு எங்கோ தெறித்து, அந்த மனிதரின் தலையிலேயே போய் விழுந்தது.

மனிதர் என்றால் கட்டைவிரல் உயரத்துப் பிளாஸ்டிக் மனிதர்தான். டொக்யார்ட் வீதியில் ஒரு புத்தகக் கடையின் மேல்மாடியில் வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் இந்தப் போர் நடக்கும். மேசைதான் போர்க்களம். ஆளுக்கொரு குட்டிப் படையை நிறுத்தி, தாயக்கட்டை உருட்டி அடிபடுவார்கள்.

நாளைக்கு இல்ஹாமின் உம்மா கிண்ணியாவுக்குப் போகிறார், ஷிஃபானாவைப் பெண் கேட்க. இந்த நேரத்தில் போய் அவளையே தோற்கடித்தால் விளங்குமா? கூட்டாளி றுமைஸ் காலையிலேயே எச்சரித்திருந்தான்.

"இண்டைக்காவது தோத்துக் குடு மச்சான். நீ கப்பலால லீவில வந்த நாள் தொட்டு ஒவ்வொரு கிழமையும் அடி வாங்கினவள் உன்னைக் கட்டுவாளா?"

தோற்க இல்ஹாமுக்கு ஆசைதான். அவனுடைய படை விட்டால்தானே. இந்தப் பொம்மைகளைச் செய்கிற கம்பனிக்காரன் வருடா வருடம் புதிதாக ஒன்றை இறக்குவான், விலையையும் ஏற்றுவான், பலத்தையும் ஏற்றுவான். கப்பலில் இன்ஜினியரான இல்ஹாம் சிங்கப்பூரில் இறங்கும்போதெல்லாம் வாங்கி வாங்கி, இரண்டு வருட உழைப்பில் பாதியை அந்தப் பெட்டிக்குள்தான் போட்டிருந்தான்.

ஷிஃபானாவிடம் இருந்தது அவளுடைய கூடப்பிறந்த மூத்த காக்கா விளையாடிக் கைவிட்ட பழைய படை. கை உடைந்தவனுக்கும் கால் உடைந்தவனுக்கும் பசை ஒட்டி வைத்திருந்தாள். ஆட்டத்தில் அவளுக்கு இருக்கிற மூளை அங்கே வேறு யாருக்கும் இல்லை, ஆனால் டொலர் ஏறுகிற ஏற்றத்தில் புதுச் சிப்பாய் ஒருவனை வாங்க அவளால் ஏலாது.

இல்ஹாம் பாதிப் படையைப் பெட்டியை விட்டே எடுக்கவில்லை. எடுத்ததில் ஆகப் பலசாலியான ராட்சதப் பொம்மையை ஒரு மூலையில் சும்மா நிற்க வைத்தான். அப்படியும் கட்டை உருட்டினால் ஆறு, திரும்ப உருட்டினால் ஆறு. கடைசியில் வெற்றி அவனுக்குத்தான். இப்படி அழாக்குறையாக வென்றவனை அந்த மேல்மாடி கண்டதில்லை.

ஷிஃபானா விழுந்து கிடந்த தன் தளபதியை நிமிர்த்தி வைத்தாள்.

"இந்தப் படைக்கு எதிரா இனி நான் விளையாட மாட்டன்" என்றாள்.

கோபமாகவும் சொல்லவில்லை. அவனுடைய ஆட்களை ஒவ்வொருவராக எடுத்து, தூசி துடைத்து, பஞ்சுக்குள் பக்குவமாகப் படுக்க வைத்து, பெட்டியைப் பூட்டிக் கொடுத்துவிட்டு, கூட்டிப்போக வந்த காக்காவோடு படியிறங்கினாள். கதை முடிந்தது என்று நினைத்தான் இல்ஹாம்.

மறுநாள் உம்மாவும் மாமாவும் வட்டிலப்பத்தோடு புறப்பட்டார்கள். பிள்ளை சம்மதித்தால் மாப்பிள்ளை பெண்ணுக்குக் கொடுக்கிற மஹராக என்ன வேண்டும் என்பதையும் அவள் வாயாலேயே கேட்டுவிட வேண்டும், அது அவளுடைய உரிமை என்று மாமா சொல்லிக்கொண்டு போனார். அதற்காகப் பவுன் விற்கிற விலையிலும் ஒரு கனத்த சங்கிலி வாங்கி அலுமாரியில் வைத்திருந்தான் இல்ஹாம். இனி அதை யாருக்குப் போடுவது என்று வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தான்.

பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு போன் அடித்தது. பிள்ளைக்குப் பூரண சம்மதமாம். அல்ஹம்துலில்லாஹ் என்று கதிரையில் விழுந்தான். சங்கிலி போதாவிட்டால் இன்னும் பவுன் சேர்க்கலாம், அவள் எது கேட்டாலும் சரியென்று சொல்லிவிடுங்கள் என்றான்.

அப்படியே சொல்லிவிட்டோம் என்றார் உம்மா. இந்தக் காலத்தில் இப்படி ஆசையே இல்லாத ஒரு பிள்ளையைத் தான் கண்டதில்லை என்று உருகினார்.

"பவுனே வேணாமாம் மகன், நீ விளையாடுற அந்தப் பொம்மைப் பெட்டி போதுமாம்."