மண்டையில் ஏறாத சாஃப்ட்வேர்

"இதுவும் வேணாம்மா. இவருக்குச் சரிப்படாது" என்று மூன்றாவது சாஃப்ட்வேரையும் தள்ளினாள் மெர்சிலின்.

நதியாவுக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. கணக்கு சாஃப்ட்வேர் விற்பதற்காக வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயத்துக்கு பஸ் ஏறி வருகிறாள். மற்ற கடைகளில் ஓரிரு நாளில் வேலை முடிந்துவிடும். இந்த மண்டியில் மட்டும் வாரக்கணக்கில் இழுத்தடிக்கிறார்கள். அப்போதுதான் பூசை முடிந்து வந்தவள் போல முக்காடு போட்டுக்கொண்டு, நாற்காலியை விட்டு அசையாமல் குறை சொல்லும் இந்த அம்மாவைப் பார்த்தால் யாருக்கும் பற்றிக்கொண்டு வரும்.

அந்த அம்மாவின் புருஷன் பிலிப் அதற்கு மேல். நெல்லிவாசல் பக்கமிருந்து ஜீப்பில் இறங்கும் சாமையையும் புளியையும் வாங்கி விற்கும் மண்டி அது. மூட்டை தூக்குவதும் எடை போடுவதும் பிலிப். கணக்கெல்லாம் மெர்சிலினின் மனசுக்குள். மனுஷன் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை.

நதியா தலைகீழாக நின்று சொல்லிக்கொடுத்தும், வாங்கிய சாமையைக் கொண்டுபோய் விற்பனையில்தான் போடுவார்.

"இன்னாங்க, மறுபடியும் தப்பு" என்பாள் மெர்சிலின்.

"என் மண்டைல ஏறலயே, இன்னா பண்றது?" என்று சிரித்தபடி எழுந்து போய்விடுவார் பிலிப்.

அன்றைக்கும் அவர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தபோது கரண்ட் போனது. யூபிஎஸ் இரண்டு முறை கீச்சிட்டு அணைந்தது. அவர் போட்டதெல்லாம் போயிருக்கும் என்று நதியா தலையில் கை வைத்தாள். கரண்ட் வந்ததும் பார்த்தால், எல்லாம் பத்திரமாக சேவ் ஆகியிருந்தது. நம்ம சாஃப்ட்வேர் பரவாயில்லையே என்று மனசுக்குள் மெச்சிக்கொண்டாள்.

வெளியே ஜீப் வந்து நின்றது. பிலிப் மூட்டை இறக்கப் போனார்.

இதுதான் சமயமென்று நதியா கேட்டேவிட்டாள். கணக்கு தண்ணீர் பட்ட பாடாக இருக்கும் நீங்களே உட்கார்ந்து போட்டால் என்ன, பாவம் சாரைப் போட்டு ஏன் இந்தப் பாடு படுத்துகிறீர்கள் என்றாள்.

மெர்சிலின் முக்காட்டை மெல்ல விலக்கினாள். தலையில் ஒரு முடிகூட இல்லை.

"இனிமே மருந்து கேக்காது, வூட்டுக்குக் கூட்டினு போங்கன்னு டாக்டருங்க சொல்லிட்டாங்கம்மா. எங்களுக்குப் புள்ளகுட்டி இல்ல. இவருக்கு எடை போடறத தவிர ஒண்ணும் தெரியாது. இவரு இத்த கத்துக்கினாருன்னா நான் நிம்மதியா கண்ண மூடிடுவேன். அதுவரைக்கும் உயிரக் கைல புடிச்சினு உக்காந்துனுகிறேன்."

இவ்வளவு நாளும் இந்த அம்மாவை மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தோமே என்று நதியாவுக்கு வெட்கமாக இருந்தது. மெர்சிலின் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, சுவரைப் பிடித்தபடி பின்கட்டிலிருந்த வீட்டுக்குள் படுக்கப் போனாள்.

பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் போன பிறகுதான், சார்ஜரை மண்டியிலேயே விட்டுவந்தது நதியாவுக்கு ஞாபகம் வந்தது. திரும்பி வந்தாள்.

பிலிப் தனியாக கம்ப்யூட்டர் முன்னால் இருந்தார். நதியா பின்னால் வந்து நின்றதை அவர் கவனிக்கவில்லை. விரல்கள் வேகமாக ஓடின. ஜீப்பில் வந்த சாமை, புளி, தேன் எல்லாம் கொள்முதலில் ஒழுங்காக உட்கார்ந்திருந்தன. வரிக்கணக்குகூடச் சரியாக இருந்தது. நதியாவுக்கு நம்பவே முடியவில்லை.

பிலிப் ஒரு முறை வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு அந்தச் சாமையை மட்டும் எடுத்து விற்பனையில் போட்டார்.

"உங்களுக்குதான் எல்லாம் தெரியுதே சார். ஏன் தப்பா மாத்துறீங்க? இருங்க, அம்மாகிட்ட சொல்லிட்டு வர்றேன்" என்று நதியா உள்ளே போகத் திரும்பினாள்.

பிலிப் வழியை மறித்துக் கையெடுத்துக் கும்பிட்டார். அவர் கண் கலங்கியிருந்தது.

"நீ மொத நாளு சொல்லிக் குடுத்தப்பவே வந்துட்ச்சிம்மா. சொல்லிடாத. நான் கத்துக்கினேன்னு தெரிஞ்சா, அவ போய்டுவா."