‘டிரம்ஸ்’ என்று ஒட்டிய டப்பா

இயர்பீஸ் காதுக்குள் போகவில்லை.

டிரம்மர் திருப்பிப் போட்டுப் பார்த்தான். இடதை வலதில் வைத்துப் பார்த்தான். எச்சில் தொட்டு அழுத்தினான். காது சிவந்ததுதான் மிச்சம்.

டப்பாவின் மேல் ‘டிரம்ஸ்’ என்றுதான் ஒட்டியிருந்தது. அந்தக் குழுவில் டிரம்ஸ் என்றால் பதினெட்டு வருடமாக அவன் ஒருவன்தான்.

பாடகரும் கீபோர்டுக்காரரும் கிடார்காரரும் ஆளுக்கொரு டப்பாவைத் திறந்து, காதில் மாட்டிக்கொண்டு, தீபாவளிக்குப் புதுச் சட்டை போட்ட பிள்ளைகளாகச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவரவர் காதுக்கு அச்சு எடுத்து வார்த்தது. ஒருவருடையது இன்னொருவருக்குச் சேராது.

கம்பெனிக்காரன் மாற்றி அனுப்பிவிட்டான் போல என்று நினைத்து, தன் பழைய இயர்போனையே மாட்டிக்கொண்டான். மாலை ஆறு மணிக்கு நிகழ்ச்சி. சவுண்ட் செக்குக்கு இருந்ததே ஒரு மணி நேரம். காதைப் பார்ப்பானா, வேலையைப் பார்ப்பானா?

வேலை என்றால் கிளிக். பாட்டு ஓடும்போது மேடையில் இருப்பவர்களின் காதுக்குள் மட்டும் டிக், டிக் என்று தாளம் சொல்லிக்கொண்டே இருக்கும். கூட்டத்துக்குக் கேட்காது. இருபத்திரண்டு பாட்டுக்கும் லேப்டாப்பில் அவன்தான் அமைத்தான். இரண்டு வாரம் பிடித்தது. ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் ‘ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு’ என்று எண்ணும் குரல்கூட அவனுடையதுதான்.

கிளிக் வேண்டும் என்றது அவன் அண்ணன். அண்ணன்தான் பாடகர், அண்ணன்தான் குழு. தம்பியின் கை இழுக்கிறது என்று போகிற இடமெல்லாம் சொல்லிவைத்திருந்தார். அதிலும் கடைசியாகப் பாடும் நீளப் பாட்டில், இரண்டாம் சரணம் முடியும் இடத்தில் தாளம் தொய்கிறது என்று பத்து வருடப் புகார்.

தம்பி ஒரு நாளும் எதிர்த்துப் பேசியதில்லை. சிரித்துக்கொண்டே தலையாட்டுவான். தலையாட்டுவதில் அவனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

அந்தப் பாட்டையே முதலில் எடுத்தார்கள். சும்மா சொல்லக் கூடாது, அருமையாக வந்தது. சரணத்தின் நீண்ட கடைசி வரியை அண்ணன் ஒரே மூச்சில் பாடி முடித்தார்.

“பாத்தியாடா? மெஷின் எப்படி நூல் பிடிச்ச மாதிரி போகுது! பத்து வருஷமா இதைத்தானே உன்கிட்ட கேட்டேன்?” என்றார், மைக்கிலேயே.

பிறகு மைக்கை வைத்துவிட்டு அருகில் வந்தார். தோளில் கை போட்டார். குரலைத் தணித்துக்கொண்டார்.

“எல்லாத்துக்கும் ஒழுங்கா பேர் போட்டு வை. நாளைக்கு வேற யார் லேப்டாப்பைத் தொறந்தாலும் புரியணும்.”

வேறு யார்?

கீபோர்டுக்காரர் சட்டென்று குனிந்தார். ஒழுங்காகக் கட்டியிருந்த ஷூ லேசை அவிழ்த்து மறுபடி கட்டினார்.

அப்போதுதான் உறைத்தது. காதுக்கு அச்சு எடுக்கிற பெண் ஒத்திகை அறைக்கு வந்த அன்று, எல்லோரையும் வரிசையாக உட்காரவைத்து நீலப் பசையை ஊற்றினாள். இவனும் நாற்காலியை இழுத்துப் போட்டான். உனக்கு அப்புறம் எடுத்துக்கலாம், நீ கிளிக்கைப் பார் என்றார் அண்ணன்.

அந்த அப்புறம் வரவே இல்லை. டப்பா மட்டும் வந்துவிட்டது.

கம்பெனிக்காரன் எதையும் மாற்றவில்லை. எவனோ ஒருவன் எங்கோ உட்கார்ந்து காதைக் காட்டியிருக்கிறான். எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது, கூடப் பிறந்தவனைத் தவிர.

அழுகை வரும் என்று நினைத்தான். வரவில்லை. அந்த டப்பாவை மூடி ஓரமாக வைத்தான்.

“இன்னொரு தடவை. ரெண்டாவது சரணத்துலேர்ந்து!” முன்னால் போய் நின்றுகொண்டு அண்ணன் கத்தினார்.

லேப்டாப்பில் அந்தப் பாட்டைத் திறந்தான். கிளிக்கின் வேகம், நிமிடத்துக்கு எத்தனை டிக் என்று, எண்களாக வரிசை கட்டி நின்றது. தொண்ணூற்றாறு, தொண்ணூற்றாறு, தொண்ணூற்றாறு. கடைசி வரிக்குச் சற்று முன்னால் மட்டும் தொண்ணூற்று மூன்று. தொண்ணூறு. எண்பத்தேழு. வரி தொடங்கியதும் மறுபடி தொண்ணூற்றாறு.

பத்து வருடத்துக்கு முன்னால் அண்ணன் நெஞ்சில் சளி கட்டி ஒரு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். எழுந்து வந்த பிறகு அந்த வரிக்கு அவருக்கு மூச்சு போதவில்லை. முன்னால் உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தெரியாது. அவருக்கே தெரியுமோ என்னவோ. பின்னால் உட்கார்ந்து டிரம்ஸ் வாசிக்கிறவனுக்கு அவர் தோள் தெரியும். தோள் முழுதாக ஏறி, மூச்சு நிறைகிறவரை அடுத்த அடியைக் கொஞ்சம் தள்ளிப்போடுவான். அதற்குத்தான் அந்தக் கெட்ட பெயர்.

இரண்டு வாரத்தில் ஐந்து நாள் இந்த ஓர் இடத்துக்கே போனது. யார் காதுக்கும் தட்டாமல் இழுக்க, மெஷினுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது.

மூன்று எண்களையும் அழித்தான். மூன்று இடத்திலும் தொண்ணூற்றாறு என்று அடித்தான். சேமித்தான். பாட்டின் பெயரையும் ஒழுங்காகப் போட்டான். கேட்டபடியே செய்து கொடுத்தாயிற்று.

ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு என்று எல்லோர் காதிலும் அவன் குரல் எண்ணியது.

கடைசி வரி நெருங்கியது. பழக்கம் விடுமா? கண் அண்ணனின் முதுகுக்குப் போயிற்று. தோள்கள் ஏறத் தொடங்கின.

பாதி ஏறியிருந்தபோதே அடுத்த டிக் வந்தது. அவன் கையும் அதோடு இறங்கியது, கொஞ்சமும் இழுக்காமல்.