எண்பதாவது கல்

கிலோமீட்டர் கல்லில் எண் எழுதும் தகரத் தகடுகள் எல்லாம் ஒரே டப்பாவில் கிடந்தன. 'ஒன்று' என்ற தகட்டின் மேல் பெயிண்ட் அப்பிப் போயிருந்தது. 'எட்டு' தகடோ வாங்கிய நாளின் பளபளப்பு அவ்வளவாக மாறாமல் இருந்தது.

"எப்பவும் இவன்தான் முன்னால நிக்கிறான். உனக்கு இவன் மேல தனிப் பாசம்!" என்று எட்டு பிரஷ்ஷிடம் சண்டைக்குப் போனது.

"நான் என்னப்பா செய்வேன்? ரோடு போற போக்குல போறேன்," என்றது பிரஷ்.

புது ரோட்டில் வேலை தொடங்கியது. முதல் கல்லில் ஒன்று ஏறியது. எட்டாவது கல்லில் எட்டுக்கு முறை வந்தது. "பாத்தியா, இனிமே நம்ம ராஜ்யம்!" என்று அது மார்தட்டியது. ஒன்பது முடிந்து பத்து வந்தது. மறுபடியும் ஒன்று முன்னால் வந்து நின்று, பத்தொன்பது வரை அசையவில்லை. பதினெட்டில் எட்டு அதன் முதுகுக்குப் பின்னால் நிற்க வேண்டியதாயிற்று.

"இருக்கட்டும். எண்பது வரட்டும். அப்புறம் வரிசையா பத்துக் கல்லு எனக்குத்தான்," என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தது.

எழுபத்தொன்பது எழுதியாயிற்று. எட்டு துள்ளி எழுந்தது. பிரஷ் நகரவில்லை. எதிரே கடல்.

எட்டு வெகுநேரம் அலைகளையே பார்த்தது. "ஒரே ஒரு கிலோமீட்டர்தானே? கடலுக்குள்ள ஒரு பாலம் போட்டா என்னவாம்?"

டப்பாவுக்குள் தூக்கக் கலக்கத்தில் இருந்த ஒன்று சொன்னது: "போடட்டும் அண்ணே. பாலத்தோட முதல் கல்லுக்கும் என்னைத்தான் எழுப்புவாங்க."