வந்த முகம், போகிற முகம்

"அழுகையை நிறுத்துங்க சார். முகம் சேரலை!"

கவுன்டர் அதிகாரியம்மா போட்ட அதட்டலில் மீசைக்காரருக்கு அழுகை இன்னும் பொத்துக்கொண்டு வந்தது.

வெளிநாட்டில் மகள் வீட்டில் இருந்துவிட்டு ஊர் திரும்புகிறார். நாட்டை விட்டுக் கிளம்புகிறவர் விமான நிலையத்தில் கேமரா முன்னால் நிற்க வேண்டும். வந்த அன்று எடுத்த படத்தோடு முகம் பொருந்தினால் பச்சை விளக்கு. அவருக்கோ திரும்பத் திரும்பச் சிவப்பு.

"சேரலைன்னா என்னம்மா ஆகும்?"

"நீங்க கிளம்பினதாவே பதிவாகாது. விசா முடிஞ்சும் இங்கேயே தங்கிட்டீங்கன்னு காட்டும். அப்புறம் உள்ளே விட மாட்டாங்க."

அப்படியென்றால் பேத்தியை இனிமேல் பார்க்கவே முடியாதா?

"அப்பா வயசு மனுஷனை இப்படியா விரட்டுறது? ஈவிரக்கமில்லாத ஜென்மம்!" வரிசையில் நின்ற ஒரு பெண் முணுமுணுத்தாள்.

அதிகாரியம்மா காதிலேயே வாங்கவில்லை.

"இங்க யார் வீட்ல இருந்தீங்க?"

"மக வீட்ல."

"யார் யார் இருக்காங்க?"

"மக, மாப்பிள்ளை, பேத்தி."

"பேத்தி உங்களை எப்படிக் கூப்பிடுவா?"

வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சுகிறாளே புண்ணியவதி!

"மீசைன்னு கூப்பிடுவா."

"ஏனாம்?"

"நெஞ்சு மேல ஏறிப் படுத்துக்குவா. ஒட்டு மீசையான்னு இழுத்து இழுத்துப் பார்ப்பா. பிடிச்சபடியே தூங்கியும் போயிடுவா. அசைஞ்சா முழிச்சுக்குவாளேன்னு நானும் மூச்சை அடக்கிக்கிட்டு..."

சொல்லச் சொல்ல கவுன்டர் மறைந்தது. வரிசை மறைந்தது. ஜன்னல் திரை மெல்ல ஆடியது. மத்தியான வெயில் கட்டில்வரை வந்து எட்டிப் பார்த்தது. நெஞ்சின் மேல் அந்தச் சின்னச் சுமை, கழுத்தில் சூடான மூச்சு, மீசையில் பிஞ்சு விரல்கள். எங்கே நிற்கிறோம் என்பதே மறந்து, வாயெல்லாம் பல்லாக நின்றார் மனிதர்.

டிக்!

பச்சை.

"பதிவாயிடுச்சு. இனி தாராளமா வரலாம்."

அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கூடவே கோபமும் வந்தது.

"அழுதா அடையாளம் தெரியலை, சிரிச்சாத்தான் தெரியுதா? என்ன மெஷின்மா இது?"

"மெஷின் மேல தப்பில்லை சார்." அதிகாரியம்மாவின் குரல் இறங்கிவிட்டது. "வந்த அன்னைக்கு உங்களைப் படம் எடுத்தது நான்தான். சிரிக்காம நில்லுங்கன்னு சொல்லணும், அதான் விதி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பேத்தியைப் பார்த்துச் சிரிச்சீங்க பாருங்க, எனக்குச் சொல்ல மனசு வரலை."