முற்றத்தில் பத்து நிமிடம்

லியோன் நகரத்தின் பழைய வீடுகளில், முற்றத்தின் வழியே சுற்றுலாப் பயணிகள் கடந்து போகலாம் என்பது வீட்டுக்காரர்கள் நகராட்சியோடு செய்த ஒப்பந்தம். ஆனால் சிவப்புக் குடை பிடித்த அந்த வழிகாட்டி மட்டும் கஸ்பார் வெர்னே வீட்டு முற்றத்தில் தினமும் பத்து நிமிடம் நின்றான். சரியாக அந்நேரம் பார்த்து கஸ்பாரின் மனைவி ஒடீல் கீழே இறங்குவாள்.

“எங்க கிளம்பிட்ட?”

“குப்பை போட.”

“குப்பை போட லிப்ஸ்டிக் எதுக்கு? குடும்ப மானம் என்னாகறது?”

கஸ்பார் பின்னாலேயே போனார். குடைக்குள் ஒடீல் அவன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவர் குடையைப் பிடுங்கி எறிந்தார்.

“பத்து நிமிஷம் பார்க்க இங்க என்னடா இருக்கு?”

“அம்மா இருக்காங்கப்பா. வீட்டுக்குள்ள காலெடுத்து வைக்காதன்னு நீங்க சொல்லி ஆறு வருஷமாச்சு. முற்றத்துக்கு வர உங்க அனுமதி வேண்டாமே.”